முசுகுந்தன் முகம்: திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து ஓவியங்கள்

போர்ட் கிள்ளான் துறையில் வந்திறங்கிய நம் முன்னோருள் பலர் கப்பலேறிய இடம் நாகப்பட்டினம். சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆளேற்றிக்கொண்டு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என வந்து சென்ற ரஜூலா கப்பலின் பெயர் இவ்வூர் மூத்தோர் நாவில் இன்றும் நிற்கிறது. உள்நாட்டு ஊர்களிலிருந்து அவர்களைத் துறைமுகத்துக்குக் கொணர்ந்தது 1860களில் போடப்பட்ட நாகை – தஞ்சை – திருச்சி இருப்புப்பாதை. அப்பாதையில், கடலுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் முன்னதாக வரும் நிலையம் திருவாரூர். கங்காணியின் பின்னே மூட்டையுடன் வண்டியில் அமர்ந்திருந்தவர்கள் அங்கே இறங்கியிருக்க மாட்டார்கள். இறங்கிக் கோயிலுக்குச் சென்றிருந்தால், ஒரு மண்டபத்தின் விதானத்தில், தன் தெய்வத்தை ஏந்திக்கொண்டு ஓர் உலகத்திலிருந்து மற்றோர் உலகத்துக்கு வந்த ஒருவனின் கதை சித்திரமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். இவ்வுரை அச்சித்திரத்தைப் பற்றியது.

கடந்த சில நூற்றாண்டுகளின் ஓவியங்களுள் நமக்கு மிக விருப்பமானது எது என்று நம் மாணவரைக் கேட்டால், லியொனார்டோவின் மோனா லிசாவைச் சொல்வர். சற்றுப் படித்தவர் ரவிவர்மாவைச் சொல்வர். தமிழ்நாட்டு ஓவியம் எதையேனும் சொல்லும்படி வற்புறுத்தினால், தஞ்சைப் பெரியகோயிலின் சோழர் ஓவியம் வரும். அது நியாயமே. எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் அக்கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டறிந்தது தமிழ்க் கலை வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. ஆனால் அந்நிகழ்ச்சி ஒரு தீங்கையும் உடன் கொணர்ந்தது. அடியில் இருந்தது பொன் என்றவுடன், மேலே இருந்தது வெறும் மண் என்று எண்ணும் வழக்கம் வந்துவிட்டது. நாயக்கர், மராட்டியர் காலத்துச் சுவரோவியங்கள் சோழர் கலையின் வீழ்ச்சி நிலை என்றே நெடுங்காலம் எழுதப்பட்டன. கோடுகள் தடித்துவிட்டன, உருவங்கள் விறைத்துவிட்டன, முகங்களில் உணர்ச்சி இல்லை என்பன அவற்றின்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். முதல் இரண்டை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவதை நாம் ஒப்புவதில்லை.

திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் பரப்பைச் சொல்ல, கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பர். அக்குளம் கமலாலயம். ஆழித்தேரும் அவ்வூருக்கே உரியது. கோயிலினுள் அமைந்த தேவாசிரிய மண்டபம் சைவ இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது; அங்கே கூடியிருந்த அடியார்களைக் கண்டே சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடினார் என்பது மரபு. அம்மண்டபத்தின் விதானத்தில்தான் முசுகுந்தன் கதை வரிசை வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் தமிழில் விளக்கக் குறிப்புகள் உண்டு. ஆய்வாளர்கள் இவற்றை 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவை என்றும், தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் ஷாஜியின் காலத்தோடு (1684–1712) தொடர்புடையவை என்றும் கணிக்கின்றனர்.

முதன்முறை அங்கு நின்றபோது நமக்கு ஏற்பட்டது வியப்பன்று, கழுத்துவலி. சுவரில் எழுதிய ஓவியத்தை நின்று பார்க்கலாம். விதானத்தில் எழுதியதைத் தலை நிமிர்த்தி, நடந்து, திரும்பி, மறுபடி நடந்து பார்க்க வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். தூண்களுக்கிடையே மங்கிய ஒளிதான். செந்நிறப் பின்னணியில் மஞ்சளும் வெண்மையும் கருமையும் சிறிது சிறிதாகத் தெளிந்து வருகின்றன. கால்மணி நேரம் கழித்தே முதல் உருவம் நமக்குப் பிடிபட்டது. மன்னனுக்குரிய ஆடை, அணி, முடி. கழுத்துக்கு மேலே குரங்கின் முகம்.

அவன் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுவோம். கந்தபுராணம் படித்தவர் இதனை அறிவர். கயிலையில் சிவனும் உமையும் வில்வ மரத்தடியில் வீற்றிருக்க, மரத்தின் மேலிருந்த குரங்கு ஒன்று இலைகளைப் பறித்துப் பறித்து அவர்கள்மேல் போட்டது. விளையாட்டாகச் செய்ததே அது. ஆயினும் இறைவன் அதனை வழிபாடாக ஏற்று, மண்ணுலகில் பேரரசனாகப் பிறக்கும்படி அருள்செய்தான். குரங்கு வருந்தியது. அரச பதவி வந்தால் இறைவனை மறந்துவிடுவோமே என்று அஞ்சி, பிறந்தாலும் தன் முகம் மட்டும் இவ்வாறே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது. அவ்வாறே சோழர் குலத்தில் முசுகுந்தன் பிறந்தான்.

அவன் ஆண்ட காலத்தில் வலன் என்னும் அசுரனோடு நிகழ்ந்த போரில் இந்திரனுக்குத் துணைநின்றான். வெற்றிக்குப்பின் இந்திரன் தன் பூசையறையில் வைத்து வழிபட்ட தியாகேசர் திருமேனியைக் கண்டான். அது திருமாலின் மார்பில் இருந்தது. அவர் மூச்சு ஏறி இறங்க அதுவும் உடன் ஏறி இறங்கி ஆடியது. அதனை அசபா நடனம் என்பர். வேண்டுவதைக் கேள் என்ற இந்திரனிடம் முசுகுந்தன் கேட்டது அந்தத் திருமேனியை. கொடுக்க மனமில்லாத இந்திரன், தேவதச்சனைக் கொண்டு அதைப்போலவே ஆறு செய்வித்தான். ஒவ்வொன்றாகக் காட்டினான் என்றும், ஏழையும் ஒருங்கே வைத்து உன்னுடையதை எடுத்துக்கொள் என்றான் என்றும் இருவகையாகச் சொல்வர். இறைவன் அருளால் முசுகுந்தன் உண்மையானதை அறிந்தான். நாணிய இந்திரன் ஏழையும் அவனுக்கே தந்தான். திருவாரூர், திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய ஏழு இடங்களில் அவை நிலைபெற்றன. சப்தவிடங்கத் தலங்கள் எனப்படுபவை இவை.

கதையாகக் கேட்கும்போது இது ஒரு தலபுராணம். ஓர் ஊரின் பெருமையைச் சொல்ல எழுந்தது. விதானத்தில் பார்க்கும்போது அது வேறொன்றாகிறது. காரணம், ஓவியன் ஒரே முகத்தை மீண்டும் மீண்டும் எழுத நேர்ந்தது. இந்திரன் அவையில் நிற்கும்போதும் அதே முகம். படையோடு செல்லும்போதும் அதே முகம். தெய்வத்தின்முன் கைகூப்பும்போதும் அதே முகம். சுற்றிலும் உள்ள தேவர்களும் மகளிரும் சேவகரும் ஒருவரைப்போல் ஒருவராக, நீண்ட கண்களுடன், பக்கவாட்டில் திரும்பி நிற்கின்றனர். அவர்கள் நடுவே அவன் ஒருவன் மட்டுமே வேறுபட்டவன். ஆனால் எவரும் அவனை வியந்து நோக்கவில்லை, நகைக்கவில்லை, விலகவில்லை. ஓவியன் அவனுக்குத் தந்த ஆடையும் முடியும் பிறமன்னர்க்குத் தந்தவையே. வேடிக்கைப் பொருளாக்கியிருக்கலாம், குரங்குமுகம் என்றால் நகைப்பது எளிது. அவ்வாறு செய்யவில்லை.

சில ஆண்டுகளுக்குமுன் இந்த ஓவியங்களின் படங்களைப் பெரிதாக்கி, போர்ட் கிள்ளானில் சனிக்கிழமைதோறும் கூடும் ஒரு தமிழ் வகுப்பில் காட்டினோம். இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, இவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று எப்படி அறிவது?" என்று கேட்டாள். அன்று நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். நாம் சொன்னது அவளுக்குப் போதவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அக்கேள்வியோடுதான் அடுத்தமுறை திருவாரூருக்குச் சென்றோம்.

தமிழில் உணர்ச்சியைக் குறிக்கும் இலக்கணச் சொல் மெய்ப்பாடு. உள்ளத்தில் எழுவது மெய்யில் படுதல் என்பது அதன் பொருள். முகத்தில் படுதல் என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. மெய் என்பது முழு உடம்பு. மேனாட்டு ஓவியம் பார்த்துப் பழகிய கண் முதலில் முகத்தைத் தேடுகிறது. புருவமும் உதடும் கண்ணீரும் எங்கே என்று கேட்கிறது. தோற்பாவைக் கூத்தைக் கண்டவர்க்கு இத்தேட்டம் இராது. தோலில் வெட்டிய பாவையின் முகம் என்றும் மாறாதது. சீதைக்கு ஒரே முகம். அசோகவனத்திலும் அதுவே, அரசவையிலும் அதுவே. ஆனால் கை ஏறுவதிலும், தலை தாழ்வதிலும், மற்றொரு பாவைக்கும் தனக்கும் இடையே விடும் தொலைவிலும் கூத்தர் அழுகையைக் காட்டிவிடுகிறார். தெருக்கூத்தில் முகத்தில் அப்பிய அரிதாரமும் அத்தகையதே. விதானத்து முசுகுந்தனையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

படித்துப் பாருங்கள். போருக்குச் செல்லும்போது அவன் கூட்டத்தில் ஒருவன். முன்னும் பின்னும் ஆட்கள், யானைகள், குதிரைகள். ஆங்கே தெரிவது பெருமிதம். தெய்வத்தின்முன் நிற்கும் காட்சிகளில் ஓவியன் கூட்டத்தை விலக்குகிறான். அல்லது கூட்டம் இருந்தும் அவனுக்கும் திருமேனிக்கும் இடையே எவரும் இல்லாதபடி இடம் விடுகிறான். அங்கே கூப்பிய கைகள் மட்டுமே பேசுகின்றன. உடல் சிறிது முன்சாய்கிறது. கேட்கலாமா, கேட்டால் கிடைக்குமா என்னும் தயக்கம் அந்தச் சாய்வில் இருக்கிறது. கதையில் இந்திரன் தெய்வத்தை மறைத்துப் போலிகளை முன்வைக்கும் கட்டத்தை நினைத்துக்கொண்டு அவன் நிற்கும் நிலையைப் பாருங்கள். ஒரே வடிவம் ஏழு. கண்ணால் வேறுபாடு காண இயலாது. தவறினால் வாழ்நாள் முழுதும் வேண்டியது கைவிட்டுப் போகும். இதனை ஓர் ஐரோப்பிய ஓவியன் எழுதியிருந்தால் வியர்வையையும் நடுக்கத்தையும் எழுதியிருப்பான். திருவாரூர் ஓவியன் ஒன்றும் செய்யவில்லை. முன்னர் எழுதிய அதே முகத்தை மறுபடியும் எழுதினான். தான் யார் என்பதை மறந்துவிடக்கூடாது என்று அவன் கேட்டுப் பெற்ற முகம் அது. எதனை இழக்க அஞ்சினானோ அதனைத் தேடி நிற்கும் இடத்திலும் மாறாமல் இருக்கிறது. மாறாதிருப்பதே அங்கே உணர்ச்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவாரூர்க் கருவறையில் தியாகேசருடைய முகத்தை மட்டுமே நாம் காண இயலும். திருமேனியின் பிற பகுதி மலராலும் ஆடையாலும் மூடப்பட்டிருக்கும். திருவடி தரிசனம் மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் மட்டும். கோயிலுக்குள் தெய்வத்தின் முகத்தை மட்டும் கண்டுவிட்டு வெளியே வந்து, மண்டபத்தில் தலைநிமிர்ந்து அடியவனின் முகத்தைக் காண்கிறோம். இது திட்டமிட்டதா, தற்செயலா என்பதை அவரவர் எண்ணிக்கொள்ளலாம். நமக்குத் திட்டமிட்டதாகவே படுகிறது.

உணர்ச்சி முழுவதும் அடக்கமே என்று எண்ணிவிட வேண்டா. தெய்வம் திருவாரூருக்கு வந்து சேர்ந்தபின் ஓவியனின் கை கட்டவிழ்கிறது. ஊர்வலம், வாத்தியக்காரர், ஆடல்மகளிர், குடை, கொடி, வாணவேடிக்கை. மத்தாப்பும் பொறியும் செந்நிறப் பின்னணியில் பூக்கொத்துகளாக விரிகின்றன. கிள்ளானில் தைப்பூசமும் தீபாவளியும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாத பகுதி இது. வகுப்பில் இப்படத்தைக் காட்டியபோதுதான் எல்லோரும் ஒருசேரப் பேசத் தொடங்கினர். உவகை என்பதற்கு இதைவிட நல்ல சான்று நாம் கண்டதில்லை. திருவாரூரின் இசைச்சூழல் இன்றும் தனித்தன்மையுடையது. ஐந்து முகங்கள் கொண்ட பஞ்சமுக வாத்தியம் அக்கோயிலில் ஒலிப்பது. இந்த விதானம் எழுதப்பட்டு ஓரிரு தலைமுறைக்குள், 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், சியாமா சாஸ்திரி, தியாகராசர், முத்துசாமி தீட்சிதர் ஆகிய மூவரும் அவ்வூரிலேயே பிறந்தனர். சிறுவயதில் அவர்கள் இந்த வாணவேடிக்கையை அண்ணாந்து பார்த்திருப்பர் என்று எண்ணுவது நமக்குப் பிடித்த கற்பனை. கற்பனை என்றே அதை வைத்துக்கொள்வோம்.

ஆசிரியர்களாகிய உங்களுக்கு மிகப் பயன்படும் பகுதி ஓவியத்தின் ஓரத்தில் இருக்கிறது. அக்குறிப்புகள் புலவர் தமிழில் எழுதப்பட்டவையல்ல. அக்காலத்தில் கணக்கரும் கோயில் அலுவலரும் எழுதிய நடையில், பேச்சுக்கு நெருங்கிய தமிழில், இன்னார் இன்னது செய்வது என்று சொல்லிச் செல்கின்றன. அக்காலத்து எழுத்தில் மெய்க்குப் புள்ளி இடுவது அரிது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு காட்டுவதில்லை. 1711ஆம் ஆண்டில் தமிழகம் வந்த வீரமாமுனிவர் அவ்வேறுபாட்டை எழுத்தில் காட்டும் முறையைப் பின்னர் ஒழுங்குபடுத்தினார். ஆகவே இந்த விதானம், நாம் இன்று எழுதும் தமிழ் எழுத்து இறுதி வடிவம் பெறுவதற்குச் சற்று முந்தைய நிலையை நமக்குக் காட்டுகிறது. மாணவரிடம் ஒரு வரியின் படத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் திணறுவர், பிறகு, பாட்டி பேசுவதுபோல் இருக்கிறதே என்பர்.

படத்துக்குச் சொல் துணைநிற்கும் இவ்வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. பரிபாடலின் செவ்வேள் பாடல் ஒன்றில், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில் மக்கள் ஓவியங்களைச் சுட்டி இது யார், அது யார் என்று கேட்பதும் உடன்வந்தோர் விளக்குவதும் வருகின்றன. அகலிகை கதையின் இந்திரனும் அங்குண்டு. இந்திரன் ஏமாற்றும் கதைகளை ஓவியமாக்கி மக்களிடம் காட்டுவதில் நமக்கு நெடுங்கால ஈடுபாடு இருந்திருக்கிறது போலும். அங்கே துணைவர் வாயால் சொன்னதை, திருவாரூரில் எழுத்தே சொல்கிறது. எழுத்தறியாதவர்க்கு அறிந்தவர் படித்துச் சொல்லியிருப்பர். ஓவியத்தின் உணர்ச்சி பார்ப்பவர் ஒருவருக்குள் மட்டும் நிகழ்வதாக இன்றைய அருங்காட்சியகங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. அமைதியாக நின்று பார்த்து நகர்கிறோம். இவ்விதானம் பேசிக்கொண்டே பார்ப்பதற்காக எழுதப்பட்டது.

அக்கால உலகத்தையும் சிறிது பார்ப்போம். டச்சுக்காரர் 1641இல் மலாக்காவைக் கைப்பற்றினர். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தையும் நாகைக்கு மாற்றினர். தேவாசிரிய மண்டபத்தில் சாரம் கட்டி வண்ணம் குழைத்த நாட்களில், கிழக்கே ஒருநாள் நடைத்தொலைவில், மலாக்காவோடு ஒரே கம்பெனியின் ஆட்சியில் இருந்த துறைமுகத்தில் கப்பல்கள் வந்துபோயின. அதே நாட்டின் ரெம்பிராண்ட், 1650களின் இறுதியை ஒட்டி, முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்த பிரதிகள் இருபதுக்கு மேல் இன்றும் உள்ளன. காகிதத்தில் எழுதிய முகலாய ஓவியம் கப்பலேறி ஆம்ஸ்டர்டாம் சென்றது. விதானம் கப்பலேற இயலாது. திருவாரூரை ரெம்பிராண்ட் அறியாததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

முகலாய ஓவியம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1618இல் ஜஹாங்கீர், அபினியாலும் குடியாலும் உடல் உருகிச் சாகக்கிடந்த தன் அலுவலர் இனாயத் கானைக் கண்டு அதிர்ந்து, ஓவியரை அழைத்து அவர் உருவத்தை எழுதச் செய்தார். வரைகோட்டோவியம் பாஸ்டனிலும் வண்ண ஓவியம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலும் உள்ளன. எலும்பு தெரியும் மார்பு, சாய்ந்த தலை, எங்கோ நோக்கும் கண். உலகில் மனித முகத்தை எழுதிய மிகச்சிறந்த ஓவியங்களுள் அது ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதனை நெடுநேரம் பார்க்க நம்மால் இயலவில்லை. ஒருவன் சாவதை ஓர் அரசன் வேடிக்கையாகப் பார்த்த பார்வை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முசுகுந்தனைப் பார்க்கும்போது இந்தக் கூச்சம் எழுவதில்லை. அவன் பிறர் பார்க்கக் கிடப்பவனல்லன். தானே ஒன்றைப் பார்த்து நிற்பவன். நாம் அவன் பின்னே நின்று அவன் பார்ப்பதைப் பார்க்கிறோம்.

இதனை எழுதச் செய்த அரசவை எத்தகையது என்பதும் எண்ணத்தக்கது. ஷாஜியின் வீட்டுமொழி மராட்டி. அவையில் கோலோச்சிய மொழி தெலுங்கு. தியாகேசர்மீது அவர் இயற்றிய பல்லக்கி சேவா பிரபந்தம் தெலுங்கில் அமைந்தது. அவர் பெரியப்பா சிவாஜி. தந்தை ஏகோஜி தஞ்சையைக் கைக்கொண்டது 1670களில். அதாவது, சோழநாட்டுக்கு வந்து ஒரு தலைமுறையே ஆன குடும்பம். அக்குடும்பத்தின் ஆட்சியில், வெளியிலிருந்து தெய்வத்தைக் கொணர்ந்த, பிறர்போல் இல்லாத முகங்கொண்ட ஒரு சோழன் கதையை விதானம் முழுதும் தமிழ்க் குறிப்புகளோடு எழுதியிருக்கிறார்கள். வந்தவர்கள் ஊரைத் தம்முடையதாக்கிக்கொள்ள வழி தேடினர் என்று வரலாற்றாசிரியர் சொல்வர். அது சரியே. வந்தேறிய குடும்பங்களின் மக்களாகிய நாம் அதில் இன்னும் சிறிது கூடுதலாகவும் காணலாம். தோட்டத்தில் வேப்பமரத்தடியில் கல்லை நட்டுக் கோயில் தொடங்கியவர்கள் முசுகுந்தன் கதையை அறிந்திருக்கத் தேவையில்லை. அவர்கள் செய்ததும் அதுவே. மேலும், ஏழு விடங்கருள் ஒருவர் நாகைக்காரோணத்தில் இருக்கிறார். கப்பலேறும் கரைக்கு அருகிலேயே.

ஓவியனின் பெயரைச் சொல்லாமல் இதுவரை வந்துவிட்டோம். தமிழகத்துச் சுவரோவியங்களை எழுதியவர் பெயர் கிடைப்பது மிக அரிது. திருவாரூரில் கிடைக்கிறது: சிங்காதனம். சித்திர வேலை செய்தவன் தான் என்று பெயர் எழுதியதோடு, தன் உருவத்தையும் அங்கே எழுதிவைத்திருக்கிறான். தேவரும் மன்னரும் நிறைந்த விதானத்தில் ஒரு தொழிலாளி, தான் செய்த வேலையின் ஓரத்தில், வழிபடும் அடியவனாக நிற்கிறான். வரலாற்று நூல்களில் நாம் தேடும் கையொப்பம் இது. ஆனால் கையொப்பத்தில் உள்ள உரிமைக்குரல் இதில் குறைவு. நானும் வந்திருக்கிறேன் என்பது போன்ற தொனியே மிகுதி. சிங்காதனத்தைப் பற்றி ஓவியமே சான்று. அதனால்தான் அது அழியும்போது ஓர் ஓவியத்தோடு ஒரு மனிதனும் அழிகிறான்.

அழிவு கற்பனையன்று. விதானத்தின் பல பகுதிகள் நீர்க்கசிவாலும் புகையாலும் காரை உதிர்ந்தும் போய்விட்டன. காய்ந்த சுண்ணக்காரையின்மேல் பசை கலந்த வண்ணத்தால் எழுதுவது அக்கால வழக்கம். ஈரச் சுண்ணத்தில் எழுதிய வண்ணம்போல் அது காரைக்குள் ஊறிக் கெட்டிப்படுவதில்லை. மேற்கூரையில் ஒரு வெடிப்பு போதும். நீர் இறங்கினால் முதலில் வெண்ணிறத் திட்டுகள் தோன்றும். பின் வண்ணம் செதில் செதிலாகப் பெயரும். வண்ணத்தைப் பிடித்துவைக்க விரும்புவோர் முதலில் கூரையைப் பழுதுபார்க்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் குடமுழுக்குத் திருப்பணியின்போது பழைய ஓவியங்கள்மேல் வெள்ளையடித்தனர். மணல் வீசிச் சுரண்டினர். பளபளக்கும் புதுச்சாயம் பூசினர். செய்தவர் தீயவரல்லர். பக்தியினாலேயே செய்தனர். நம் நாட்டிலும் பன்னிரண்டாண்டுக்கொருமுறை கோயில்களைப் புதுப்பிக்கிறோம். பழைய சுதையும் வண்ணமும் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. புதுப்பிப்பதற்குமுன் ஒருமுறை படம் எடுத்துவைத்தால்கூடப் பாதி இழப்பு குறையும்.

திருவாரூரில் பிராகிருதி அறக்கட்டளையும் இன்டாக் அமைப்பும் இணைந்து இந்த விதானத்தைத் தூய்மைசெய்து நிலைப்படுத்தும் பணியைச் செய்தன. விதானத்தை வி.கே. இராஜாமணி பகுதி பகுதியாகப் படமெடுத்தார். டேவிட் ஷூல்மன் கதையையும் குறிப்புகளையும் ஆராய்ந்து எழுதினார். 2011இல் அது நூலாக வெளிவந்தது. நல்ல பாதுகாப்புப் பணியின் அடையாளம், போன பகுதியைப் புதிதாக எழுதி நிரப்பாமல் விடுவது. அங்கங்கே கதை அறுந்திருக்கும். வெறும் காரை தெரியும். முதலில் இது நமக்கு ஏமாற்றமளித்தது. மூன்றாம் முறை சென்றபோது பழகிவிட்டது.

போர்ட் கிள்ளான் மாணவிக்கு நாம் இன்னும் நேரில் விடைசொல்லவில்லை. அவள் பள்ளி முடித்து வேறூர் சென்றுவிட்டாள். திருவாரூருக்குச் செல்லும் வாய்ப்பு உங்களில் எவருக்கேனும் கிடைத்தால், காலை ஒளி நன்றாக உள்ள நேரத்தில் செல்லுங்கள். கையளவு கண்ணாடி ஒன்றை எடுத்துச்சென்று, அதை மார்பளவில் பிடித்துக்கொண்டு குனிந்தபடி விதானத்தைப் பாருங்கள். கழுத்து வலிக்காது. எழுத்துகள் தலைகீழாக, இடவலம் மாறித் தெரியும். படிக்க வேண்டுமென்றால் நிமிரத்தான் வேண்டும். வாணவேடிக்கை வரிசை முடிந்ததும் அவசரப்பட்டு வெளியேறிவிடாமல், சிங்காதனம் நிற்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கும் சற்று நில்லுங்கள்.